இரண்டு மழை பெய்யும் ஊரில் மாடித்தோட்டம்

சென்னைக்காரர் மாடித்தோட்டம் போடும்போது தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசிப்பார். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் யோசிக்க வேண்டியது, பெய்த தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில், தொடங்கும் தென்மேற்கு மழை விட்டுவிட்டு ஆவணி வரை இழுக்கும். மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். செடிப் பைக்கு அடியில் தட்டு வை, தென்னை நார்க்கழிவை நிறையப் போடு, மண் மேல் சருகைப் பரப்பிக் கனமாக மூடாக்கு போடு என்று வறண்ட ஊருக்கு எழுதிய குறிப்புகளை இங்கே அப்படியே செய்தால் ஆடி முடிவதற்குள் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது, இலை தொங்கும். செடி வாடுகிறதே என்று வீட்டில் யாராவது இன்னொரு செம்பு ஊற்றுவார்கள். அதோடு சரி.

கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க ஒரே மாதிரியும் இல்லை. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழை கொட்டும் நாளில் ஆரல்வாய்மொழியில் வெறும் காற்றுதான் அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அங்கே காலையில் நனைத்த பை மாலைக்குள் காய்ந்துவிடும். குளச்சல், முட்டம், மணக்குடி என்றால் உப்புக்காற்று வேறு. கீழே சொல்கிற அளவுகள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக்கு. மற்ற ஊர்க்காரர்கள் எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

முதலில் மாடி தாங்குமா என்று பார்க்க வேண்டும். ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த செம்மண்ணை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினாலே அதைத் தாண்டிவிடும். அதனால் மாடியில் செங்கல் வைத்து மண் கொட்டிப் பாத்தி கட்டுகிற வேலையே வேண்டாம். 12-க்கு 12 அங்குலப் பையில் ஏறத்தாழ 18 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தபின் 18 முதல் 20 கிலோ இருக்கும். சதுர மீட்டருக்கு நான்கு பை, இடையில் நடக்க வழி என்று வைத்தால் பயமில்லை. பெரிய பையும் டிரம்மும் கீழே சுவரோ பீமோ ஓடுகிற வரிசையில்தான் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். ஆடிக்காற்றில் பை கீழே போனால் நடந்து போகிறவர் தலையில்தான் விழும்.

பை வாங்குவதற்கு முன் ஒழுக்குச் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். மழைநீர்க் குழாய்களின் வாயைத் துணியால் அடைத்து, மாடியில் 5 செ.மீ. தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழே உட்கூரையில் ஈரத் திட்டு தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தோட்டம் வந்தபிறகு ஒழுகினால், விரிசல் பத்து வருடம் பழையதாக இருந்தாலும் பழி செடி மேல்தான் விழும். குழாய் வாயைச் சுற்றி ஒரு அடிக்குப் பை எதுவும் வேண்டாம். வாயில் கம்பி வலை போட்டு, மழைக்காலத்தில் வாரம் இருமுறை சருகை எடுத்துவிடுங்கள்.

வெயில் கணக்கு பலரும் கவனிக்காத ஒன்று. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வெறும் 8 பாகை வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்தில் நேர் உச்சிக்கு வரும் சூரியன், அதன்பின் ஆவணி நடு வரை நண்பகலில் தலைக்கு வடக்கே நிற்கும். பிறகு தெற்கே சாய்ந்து, மார்கழியில் 30 பாகைக்கும் மேல் இறங்கிவிடும். அப்போது ஒரு மீட்டர் உயரத் தெற்குக் கைப்பிடிச் சுவர், நண்பகலில் இரண்டு அடி அகலத்துக்கு நிழல் விழுத்தும். நாற்று நட்டு வளரும் காலமே அதுதான் என்பதால், தக்காளியையும் மிளகாயையும் அந்தச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. அந்த இடம் இஞ்சிக்கும் கொடிப்பசலைக்கும் போதும். இங்கே பல வீடுகளில் மாடி மேல் இரும்புச் சட்டம் (ட்ரஸ்) அடித்து ஷீட் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வெயில் ஓரங்களில் மட்டும்தான். ஷீட் விளிம்பிலிருந்து கொட்டும் தண்ணீர் நேராகப் பையில் விழுந்தால் ஒரே மழையில் கலவையில் குழி பறித்து வேரை வெளியே காட்டிவிடும். ஒன்று விளிம்பில் தண்ணீரை ஏந்தும் தகரப் பாத்தி பொருத்துங்கள், இல்லையென்றால் பைகளை விளிம்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வையுங்கள்.

கடையில் கிடைக்கும் பைகளில் அடியில் நான்கு துளைதான் இருக்கும். இந்த ஊர் மழைக்கு அது போதாது. விரல் நுழையும் அளவில் பக்கவாட்டில் ஆறு துளை, அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் போடுங்கள். அடியில் இருக்கும் துளை தரையோடு ஒட்டி அடைபடும், பக்கத் துளை அடைபடாது. பையை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் காற்றும் போகும், தரையும் உலரும். கடலோரத்தில் இரும்பு ஸ்டாண்டு வாங்காதீர்கள், சீக்கிரம் துருப்பிடித்து மாடியில் கறை விடும். பைக்குள் அடியில் சரளைக்கல் ஒரு படுகை போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. நுண்ணிய கலவையிலிருந்து பருமனான கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள கலவை முழுக்க ஊறித் ததும்பிய பிறகுதான் இறங்கும். விளைவு, வேர் இருக்கும் உயரத்திலேயே ஈரம் தங்கும். கல் போட்ட உயரத்துக்குக் கலவைக்கான இடமும் வீண்.

தென்னை நார்க்கழிவு நம் ஊரில் தாராளம். ஏமாறுவதும் அதில்தான். காயலில் ஊறப்போட்ட கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) வந்த தூளில் உப்பு இருக்கும். புதுத் தூளில் தேயிலைச் சாயம் போன்ற கறுப்புச் சாறும் இருக்கும். 5 கிலோ கட்டியை 25 லிட்டர் நல்ல தண்ணீரில் ஊறவைத்தால் 60 லிட்டருக்கு மேல் உதிரும். பிழிந்து தண்ணீரைக் கொட்டி, மூன்று முறையாவது மாற்றுங்கள். பிழிந்த தண்ணீர் வெளிறி வரும்வரை நிறுத்த வேண்டாம். சந்தேகமிருந்தால் ஒரு சிரட்டையில் அந்தத் தூளை நிரப்பித் தண்டங்கீரை விதையைத் தூவுங்கள். ஐந்தாறு நாளில் முளைத்து முனை கருகாமல் நின்றால் பயன்படுத்தலாம். இன்னொன்று, மக்காத தூள் தானே மக்குவதற்காகக் கலவையிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். நட்ட மூன்றாவது வாரம் கீழ் இலைகள் வெளிறி மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். நன்கு மக்கிய தூளாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது அளவைக் குறையுங்கள்.

கோடைக்குச் செம்மண், நார்க்கழிவு, மக்கிய எரு மூன்றும் சம அளவு. மழைக்காலத்துக்கு நார்க்கழிவைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருமணல் சேருங்கள். ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம் பக்கத்துக்காரர்கள் வருடம் முழுக்கக் கோடைக் கலவையே வைத்துக்கொள்ளலாம், நார்க்கழிவு சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை உள்ளது. 18 லிட்டர் பைக்கு வேண்டிய மண்ணில் புளிப்பைக் குறைக்க ஒரு மேசைக்கரண்டி டோலமைட் (சுண்ணாம்புக் கல் வகை) தூளைக் கலந்து, ஈரமாக இரண்டு வாரம் விட்டு, பிறகு எருவைச் சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் எருவிலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். எருவைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். கட்டைவிரல் தடிப்பில், வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு இருந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். விட்டால் வண்டாகிப் பக்கத்து வீட்டுத் தென்னங்குருத்தைத்தான் துளைக்கும். பொறுக்கி அழித்துவிடுங்கள்.

எதை எப்போது வைப்பது? நெல்லுக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் பட்டம் பார்க்கிற ஊரில், காய்கறியை மட்டும் நினைத்த நாளில் விதைக்கிறோம். தக்காளி, மிளகாய், கத்தரி விதையைக் கார்த்திகை கடைசியில் குழித்தட்டில் (நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டு) போட்டு, 25 முதல் 30 நாள் நாற்றாக மார்கழியில் பையில் நடுங்கள். மழை ஓய்ந்த வெயிலில் பூத்து, மாசி பங்குனியில் காய்க்கும். வெள்ளரி, பாகல், புடலை, தடியங்காய் (வெண்பூசணி) தை மாசியில் போடலாம். இடவப்பாதிக்கு முன், வைகாசித் தொடக்கத்தில் வெண்டையும் கொடிப்பயறும் போட்டால் மழை பிடிப்பதற்குள் வேர் பிடித்துவிடும். ஆடி மழையில் தாக்குப்பிடிப்பவை இவையும் சேம்பு, கோவை, இஞ்சி, மஞ்சளும்தான். ஆடியில் தக்காளி வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மழை மறைப்புக் கூரை போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் செலவுக்கு வடசேரி சந்தையில் எத்தனையோ கிலோ வாங்கலாம்.

தக்காளியிலும் வழுதலங்காயிலும் (கத்தரி) இங்கே பெரிய எதிரி பாக்டீரியா வாட்டம். நேற்றுவரை பச்சையாக நின்ற செடி, இலை மஞ்சளாகாமலே ஒரு மதியத்தில் தொங்கிவிடும். வேரழுகலா, வாட்டமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. தரைக்குச் சற்று மேலே தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் மட்டும் தண்ணீரில் முங்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல வெண்மையாக ஒன்று இறங்கினால் பாக்டீரியாதான். மருந்து தேடி அலைய வேண்டாம். அந்தச் செடியையும் பையிலுள்ள கலவையையும் சேர்த்து வெளியேற்றுங்கள். கலவையை வெளியேற்ற முடியாவிட்டால், அதில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வைக்கக் கூடாது, கீரையோ பயறோ வைக்கலாம். இந்த நோயைத் தாங்கும் ரகங்களைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது: தக்காளியில் சக்தி, முக்தி, அனகா; கத்தரியில் சூர்யா, ஹரிதா; மிளகாயில் உஜ்வாலா, அனுக்ரஹா. நம் மண்ணும் மழையும் அந்தப் பக்கத்தோடு ஒத்துப்போவதால் இவை இங்கே நன்றாக வரும். வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் விசாரிக்கலாம். நம் பக்கத்தில் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. சுண்டைக்காய் வேரில் ஒட்டிய கத்தரி நாற்று கிடைத்தால் இன்னும் நல்லது.

மழையில் செங்கீரை இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். மண்ணிலிருந்து தெறிக்கும் தண்ணீர் வழியாக ஏறும் பூசண நோய் அது. பூவாளியால் மேலிருந்து ஊற்றுவதை நிறுத்தி அடியில் ஊற்றினாலே பாதி குறையும். செங்கீரையோடு கோ-1 என்ற பச்சைக் கீரை ரகத்தைக் கலந்து விதைத்தால் மீதியும் கட்டுப்படும். பச்சை ரகம் தாங்கும் என்பதால் நோய் ஓட்டம் தடைபடும். கீரையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய், பழம் என்கிறது. நான்கு பேர் வீட்டுக்கு 1.6 கிலோ. 30 பையில் அது நடக்காது. ஆனால் பத்து நாள் இடைவெளியில் மூன்று தொட்டியில் மாற்றி மாற்றி விதைத்தால் கீரையை மட்டும் வெளியே வாங்காமல் ஓட்டலாம். மாடித்தோட்டம் உடம்புக்கு நிச்சயமாகக் கொடுப்பது அதுதான். தக்காளி எல்லாம் ஆசைக்கு.

நல்லமிளகு (கறுப்பு மிளகு) ஆசைப்படுகிறவர்களுக்குக் குத்துமிளகு இருக்கிறது. பக்கக் கிளையிலிருந்து எடுத்த நாற்று, ஏறாமல் புதராக நிற்கும். அரை நிழல், 12 அங்குலத் தொட்டி போதும். நாற்று வாங்கும்போது பக்கக் கிளையா, கொடித் தண்டா என்று கேட்டு வாங்குங்கள். கொடித் தண்டு என்றால் ஏற மரம் தேடும்.

கடலோர வீடுகளுக்கு ஒரு குறிப்பு. கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பில் கருகினால் உப்புக்காற்று. எல்லாப் பக்கமும், முதிர்ந்த இலைகளில் மட்டும் விளிம்பு கருகினால் சாம்பல் சத்துக் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு உப்பில் கருகிய செடிக்கு உரம் போட்டால் உப்பு மேல் உப்பு. காற்று அடித்த நாளின் மாலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். தடுப்புக்குத் தகரம் அடிக்காதீர்கள். காற்று தகரத்தின் மேலேறி உள்பக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். பாதிக் காற்றை விடும் 50 சதவீத நிழல்வலை, தன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்கு வேகத்தைக் குறைக்கும். கிணற்றுத் தண்ணீர் கரிக்கிற இடத்தில் மழை பெய்யும்போது பைகளைத் திறந்தே விடுங்கள், சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

இனி அடுக்களைக் கழிவு. கொள்கை எளிது, மழைக்காலத்தில்தான் சோதனை. துளையிட்ட 50 லிட்டர் டிரம் இரண்டு வேண்டும், ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றதில் போட. கோடையில் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஒரு பங்கு சருகு போதும். ஆனி ஆடியில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் இரண்டு பங்கு வேண்டும். மாசி பங்குனியிலேயே உதிர்ந்த இலையைச் சாக்கில் கட்டி வைக்காதவர்கள் ஆடியில் நாற்றத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அவசரத்துக்குக் காய்ந்த நார்க்கழிவு ஒரு பிடி மேலே தூவலாம். மீன் கழிவை டிரம்மில் போடாதீர்கள், காகமும் பூனையும் எலியும் வரும். சாளை (மத்தி மீன்) தலையும் செதிலும் கிடைக்கும் வீட்டில் செடிக்குத் தெளிக்கும் மீன் அமிலம் செய்யலாம். கழிவுக்குச் சம எடை வெல்லம், மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, பாதி இடம் காலி. முதல் வாரம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை விட வேண்டும். மறந்தால் டப்பா வெடிக்கும், அந்த வாடை சுவரை விட்டுப் போகாது. 25 முதல் 30 நாளில் தேன் பதத்தில் தெளிந்து புளிவாசம் வரும். லிட்டருக்கு 5 மில்லி கலந்து மாலையில் தெளியுங்கள். கருப்பட்டி போட வேண்டியதில்லை, கழிவு வெல்லமே போதும்.

தென்னைக்குக் கீழே இருக்கும் மாடிகளில் இலை மேல் கரி பூசியதுபோல் கறுப்புப் படியும். தென்னையில் இருக்கும் சுருள் வெள்ளை ஈயின் கழிவுத்தேன் சொட்டி, அதில் பூசணம் வளர்வது அது. பூச்சிக்கொல்லி அடித்தால் அந்த ஈயைத் தின்னும் ஒட்டுண்ணியும் சாகும். நீர்த்த கஞ்சித் தண்ணீரைத் தெளித்து வெயிலில் காயவிட்டால் கறுப்பு செதில் செதிலாக உரிந்து விழும்.

“உங்க மாடிலேருந்துதான் கொசு வருது” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கோபப்படாமல் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். பைக்கு அடியில் வைத்த தட்டு, நிமிர்ந்து கிடக்கும் கதம்பை, சிரட்டை, அன்னாசிச் செடியின் இலைக்கவட்டு, சும்மா போட்ட பூவாளி எல்லாம் அதற்கு இடம். தட்டுகளை மழைக்காலத்தில் எடுத்தே விடுங்கள். மூடாக்குக்குக் கதம்பை போட்டால் கவிழ்த்துப் போடுங்கள். தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் பத்தாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டி, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில், பால் வெட்டு நின்ற காலத்தில் மரத்துச் சிரட்டைகள் கவிழ்க்கப்பட்டிருக்கின்றனவா என்று தோட்டக்காரரிடம் கேளுங்கள். நீங்கள் மட்டும் சுத்தமாக இருந்து பயனில்லை.

ஆப்பிரிக்கப் பெருநத்தையும் மழையோடு வரும். வெறுங்கையால் தொடாதீர்கள். மூளைச் சவ்வைப் பாதிக்கும் புழுவை அது சுமக்கக்கூடும். இரவில் ஈரச்சாக்கை விரித்து மேலே பப்பாளி இலையைப் போட்டால் கூடும். கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். செடி மேல் உப்பைத் தூவக் கூடாது. நத்தை ஊர்ந்த கீரையை ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு இலையாகக் கழுவிச் சமைத்தே சாப்பிடுங்கள்.

தெருவில் நாலைந்து வீடு சேர்ந்தால் செலவு பாதியாகும். 98 குழித்தட்டில் ஒரு வீட்டுக்கு வேண்டியது பத்துப் பன்னிரண்டு நாற்றுதான். ஆளுக்கொரு பயிராக நாற்று போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். கொடை, திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது யார் தண்ணீர் ஊற்றுவது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். பல மாடிகள் காய்ந்தது பூச்சியால் அல்ல, பத்து நாள் பயணத்தால்.

தெருவோரத்தில் மரம் வைப்பது வேறு கணக்கு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் விழுந்த மரங்கள் மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. வேகமாக வளர்கிறது, பூ அழகு என்று குல்மோகரும் பெருங்கொன்றையும் வைப்பது காற்றுள்ள ஊருக்கு ஆகாது. புன்னை, பூவரசு, புங்கை, மகிழம் வையுங்கள். முதல் இரண்டும் கடலோரத்திலும் நிற்கும். மின்கம்பிக்கு நேர் கீழே பெரிய மரம் எதுவும் வேண்டாம், மந்தாரை போதும். கன்று வாங்கும்போது பையை உரித்துப் பாருங்கள். வேர் அடியில் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்த மரம் பின்னாளில் நிலை கொள்ளாது. சுற்றிய வேரை நாலு பக்கமும் செங்குத்தாகக் கத்தியால் கீறிவிட்டு நடுங்கள். குழி 3 அடி நீள அகல ஆழம். சரளைப் பாறையில் தோண்டிய குழி மழையில் அண்டா போலத் தண்ணீரைத் தேக்கும். கடப்பாரையால் அடியையும் பக்கத்தையும் குத்தி உடைத்து, ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள், மறுநாள் காலையில் வடிந்திருக்க வேண்டும். இரண்டு கம்பு நட்டு, கன்று சற்று ஆடும்படி சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். அசையாத தண்டு தடிக்காது. நைலான் கயிறு பட்டையை அறுக்கும். பிறகு தெருவுக்கு இன்டர்லாக் கல் பதிக்க ஆள் வரும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சதுரம் மண்ணாகவே விட வேண்டும் என்று வேலை தொடங்கும் காலையிலேயே நேரில் நின்று சொல்லிவிடுங்கள். கல் பதித்தபின் யாரும் பெயர்த்துத் தர மாட்டார்கள்.